மலைக் கம்பளி பொம்மையோடு நின்றுவிடக் கூடாது

தமிழ்நாட்டு மலைகளில் மென்மையான கம்பளி தரும் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் நீலகிரி இன ஆடுகளைப் பாதுகாத்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் கிடாக்களைக் கலந்ததில் உருவான இனம் அது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தெற்கு மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. அதன் இழை 20 மைக்ரானை ஒட்டிய மென்மை உடையது. உடம்பில் நேராகப் படும் உடைக்கு இதைவிட நல்ல கம்பளியைத் தேட வேண்டியதில்லை.

ஆனால், இந்தக் கம்பளியில் செய்த ஒரு சட்டையையோ சால்வையையோ உதகைக் கடைத்தெருவிலும் கொடைக்கானல் ஏரிச் சாலையிலும் நான் இதுவரை கண்டதில்லை. பனிக்காலத்தில் அங்கே என் கண்ணில் படுபவை பெரும்பாலும் அக்ரிலிக் ஸ்வெட்டர்கள். ஆடு மேயும் மலையில் பிளாஸ்டிக் இழையைப் போட்டுக்கொண்டு குளிர் காய்கிறோம்.

திருப்பூரில் பின்னலாடைத் தரப் பரிசோதகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குன்னூரில் குடியேறியவள் நான். இப்போது எடை குறைந்த ஃபெல்ட் துணியில் ஸ்டோல், மேலங்கி, குட்டைக்கை ஜாக்கெட் செய்கிறேன். கம்பளி இழையை நூலாக நூற்காமல், தறியில் நெய்யாமல், மெல்லிய பட்டின்மேலோ பருத்தியின்மேலோ பரப்பி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்தே துணியாக்கும் வேலை இது. நம் மலைக் கம்பளிக்கு ஏற்ற வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதைத் துணி செய்யும் தொழிலாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். பொம்மை செய்யும் பொழுதுபோக்காகச் சுருக்கிவிடக் கூடாது.

ஃபெல்ட் என்றால் கனமா?

ஃபெல்ட் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டில் ஒன்று நினைவுக்கு வரும். ஒன்று, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வண்ணத் தகடு, அது பாலியஸ்டர். மற்றொன்று, காஷ்மீரத்து நம்தா விரிப்பு. ஸ்ரீநகரிலும் ராஜஸ்தானின் டோங்கிலும் இன்றும் செய்யப்படும் நம்தா அருமையான கைவேலைதான். ஆனால், அது தரையில் விரிப்பதற்கானது. தடிமனும் கனமும் அதற்குத் தேவை. உடைக்கு வேண்டியது வேறு.

அந்த வேறு வழியைக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த பாலி ஸ்டர்லிங். 1990-களின் தொடக்கத்தில் சச்சிகோ கொட்டாக்கா என்ற ஜப்பானியப் பெண்மணியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறையை உலகம் நுனோ ஃபெல்ட் என்று அழைக்கிறது. குளிர் அதிகமில்லாத ஊரில் உடுத்தும்படியான கம்பளித் துணி வேண்டும் என்பதுதான் அவருடைய தேடல். கம்பளி இழைகளைக் கூட்டிக் கனமாக்குவதற்குப் பதிலாக, துணிக்கு வலு தரும் வேலையை மெல்லிய பட்டிடம் ஒப்படைத்தார். கம்பளியின் அளவைக் குறைத்தார். வெப்பமான நாட்டில் கம்பளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இந்தத் தொழில்நுட்பம் பிறந்த இடமே பதில் சொல்கிறது.

கணக்கைப் பார்ப்போம். திருப்பூரில் எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் முதலில் ஜிஎஸ்எம் என்ன என்றுதான் கேட்போம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதன் சுருக்கம் அது. 5 மோம்மே எடையுள்ள பட்டு ஷிஃபான் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 22 கிராம். அதன்மேல் 50 கிராம் மெரினோ பரப்பினால் மொத்தம் 72 கிராம். வேலை முடியும்போது துணி நீளத்தில் 30 விழுக்காடு, அகலத்தில் 30 விழுக்காடு சுருங்கும். அதாவது பரப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அப்போது துணியின் எடை 147 ஜிஎஸ்எம். நாம் அன்றாடம் போடும் டி-ஷர்ட் துணி பெரும்பாலும் 160 முதல் 180. கம்பளி உடை டி-ஷர்ட்டைவிட எடை குறைவாக இருக்க முடியும், குளிரையும் தாங்கும். நான் செய்யும் ஒவ்வொரு துணியிலிருந்தும் ஒரு துண்டை வட்டக் கட்டரில் வெட்டித் தராசில் வைத்துப் பார்க்கிறேன். எண்கள் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கின்றன.

இழை எப்படித் துணியாகிறது

கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே பக்கம் சரிந்து நிற்பதுபோல, அவை இழையின் நுனியை நோக்கிப் படிந்திருக்கும். அதனால் இழை தன் வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். எதிர்ப்பக்கம் போக முயன்றால் செதில் தடுக்கும். சோப்புத் தண்ணீரில் நனைந்து, அழுத்தப்பட்டு, அசைக்கப்படும் இழைகள் ஒன்றையொன்று ஊடுருவி முன்னேறிக்கொண்டே போகும். திரும்பி வர வழி இருக்காது. சுடுதண்ணீரில் வாஷிங் மெஷினில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் சுருங்கிப் பிள்ளைச் சட்டையாவதும் இதனால்தான். மெஷினில் துவைக்கலாம் என்று முத்திரை குத்தி விற்கும் கம்பளியில் இந்தச் செதில்களைக் குளோரினால் மழுக்கி, பிசின் பூசி மூடியிருப்பார்கள். அதை எவ்வளவு தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது. கம்பளி வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசைமேல் குமிழ் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் ஷிஃபானைச் சுருக்கமில்லாமல் பரப்புவேன். சீவி ஒழுங்குபடுத்திய கம்பளிக் கற்றையை இடக்கையில் தளர்வாகப் பிடித்து, வலக்கை விரல் நுனிகளால் ஓரத்தை மட்டும் பற்றி இழுத்தால் ஒரு மெல்லிய இழைக்கொத்து வரும். அதைத் துணிமேல் வைத்து, அடுத்ததை அதன் விளிம்பு மூடும்படி வைக்க வேண்டும். முதல் வரிசை நீளவாட்டில், இரண்டாவது வரிசை அகலவாட்டில். அடியில் உள்ள பட்டின் நிறம் கம்பளியின் ஊடே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கம்பளி அதிகம். ஓரிடத்தில் கெட்டியும் ஓரிடத்தில் ஓட்டையுமாகப் பரப்பினால், முடிவில் துணி அங்கங்கே உப்பியும் நைந்தும் போகும். வேலையில் பாதி நேரம் பரப்புவதற்கே போகும். அதை அவசரப்படுத்தக் கூடாது.

பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மேலே வலைத்துணி போர்த்தி, உள்ளங்கையால் மெல்லத் தேய்க்க வேண்டும். தண்ணீர் இந்தக் கட்டத்தில் சூடாக இருக்கவே கூடாது. சூடும் வேகமும் முதலிலேயே வந்துவிட்டால், கம்பளி இழைகள் பட்டின் கண்களுக்குள் புகுவதற்கு முன் தமக்குள்ளேயே பின்னிக்கொள்ளும். உலர்ந்ததும் பட்டு ஒரு பக்கம், கம்பளி ஒரு பக்கம் என்று தோல் உரிவதுபோல் பிரிந்து வரும். ஆகவே பொறுமையாகத் தேய்த்து, உருளையில் சுருட்டி, உருட்டி, அவ்வப்போது துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பட்டின் மறுபக்கத்தில் பூனைமுடிபோல் இழை நுனிகள் எட்டிப்பார்க்கும். அப்போது பட்டைக் கிள்ளித் தூக்கினால் கம்பளியும் சேர்ந்தே எழ வேண்டும். பட்டு மட்டும் தனியாக எழுந்தால் இன்னும் உருட்ட வேண்டும். சேர்ந்து எழுந்தால்தான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டத்தில்தான் சூடான தண்ணீரும் பலமும் வேண்டும். நீளவாட்டில் உருட்டினால் நீளம் சுருங்கும். அகலவாட்டில் உருட்டினால் அகலம் சுருங்கும். நான்கு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி உருட்டி, மேசைமேல் ஓங்கி அடித்து, திட்டமிட்ட அளவு வரும்வரை சுருக்க வேண்டும். கம்பளி சுருங்கும், பட்டு சுருங்காது. அதனால் பட்டு நெளிந்து, சிறு சிறு மடிப்புகளாக எழும்பும். இந்தத் துணிக்கே உரிய அழகு அந்த மடிப்புகளில்தான் இருக்கிறது. கடைசியாகச் சோப்பு போக அலசி, சிறிது வினிகர் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் காரம் நீங்கும். கம்பளி மென்மையாக நிற்கும்.

இன்னொன்றையும் திருப்பூர்க்காரியாகச் சொல்ல வேண்டும். துணியை வெட்டித் தைக்கும் எந்தத் தொழிற்சாலையிலும் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் குவியும். இந்த முறையில் உடலையும் கையையும் தையலில்லாமல் ஒரே துண்டாகச் செய்யலாம். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உடையின் வடிவத்தில் வெட்டிய பிளாஸ்டிக் தாளை வைத்துவிட்டால், இரண்டும் ஒட்டாமல் உள்ளே வெற்றிடம் நிற்கும். ஓரங்கள் மட்டும் ஒன்றாகும். கழுத்தையும் கையையும் திறந்து தாளை உருவிவிட்டால் உடை தயார். விளிம்பு நூல் பிரியாது. மடித்துத் தைக்கவும் வேண்டாம்.

பொம்மையோடு நிறுத்திவிடும் பயிற்சிகள்

நம் மலைகளில் பெண்களுக்குக் கம்பளிக் கைவேலைப் பயிற்சி என்று நடக்கும் சில முகாம்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு மதியப் பொழுதில் ஊசியால் குத்திக் குத்தி ஆட்டுக்குட்டிப் பொம்மை, சாவிக்கொத்து, பூ. புகைப்படம் எடுத்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வந்த பெண்களின் கைத்திறனைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. தேயிலைக் கொழுந்தை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறித்துப் பழகிய விரல்கள் அவை. இழைக்கொத்தைச் சீராகப் பிரித்துப் பரப்ப இதைவிடத் தேர்ந்த விரல்களை எங்கே தேடுவது? அந்த விரல்களுக்குச் சாவிக்கொத்து செய்யக் கற்றுக்கொடுத்தால் கிடைப்பது சுற்றுலாப் பயணியின் சில்லறைக் காசு. துணி செய்யக் கற்றுக்கொடுத்தால் அது தொழில்.

துணி செய்வதற்கு அளவு வேண்டும். ஒவ்வொரு கம்பளிக்கும் ஒவ்வொரு அடித்துணிக்கும் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரி செய்து, அது எத்தனை சென்டிமீட்டராகச் சுருங்குகிறது என்று எழுதிவைக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் 21 ஆனால், 1 மீட்டர் அகல உடைக்கு ஏறக்குறைய 1 மீட்டர் 43 சென்டிமீட்டர் பரப்ப வேண்டும். மாதிரியை எடை போட வேண்டும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து இழை திரள்கிறதா, திருப்பூர்ப் பேச்சில் பில்லிங் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வண்ணம் ஈரத்தில் கசிகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். இவை எதற்கும் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு தராசு, ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்தப் பழக்கம் இல்லாமல் செய்த உடை முதல் சலவையிலேயே குலைந்துபோகும். அதோடு வாங்கியவரின் நம்பிக்கையும் போய்விடும்.

ஆடு குறைவு, விலை அதிகம் என்பார்கள்

மில்காரர்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். மலைக் கம்பளி கொஞ்சம்தான் கிடைக்கும். நூற்பாலைக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். நூற்பாலைக்கு அது உண்மை. லூதியானா ஆலைகள் ஆஸ்திரேலிய மெரினோவைப் பேல் பேலாக இறக்குமதி செய்யும் காலத்தில், இரண்டு மலைகளின் கம்பளி அவர்களுக்குத் தூசு. ஆனால், ஃபெல்ட் துணிக்கு ஆலையே வேண்டாம். மேலே சொன்ன கணக்கிலேயே பார்த்தால், 180 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ஸ்டோலுக்கு ஏறக்குறைய 83 கிராம் கம்பளி போதும். ஓர் ஆட்டின் ஆண்டுக் கம்பளி கழுவிச் சுத்தமான பிறகு ஒரு கிலோ தேறினாலே 12 ஸ்டோல். ஒரு ஸ்டோலுக்கு ஒரு நாள் என்று வைத்தால், 100 ஆடுகள் கொண்ட ஒரு மந்தை நான்கு பெண்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும். ஆலைக்குக் குறையாகத் தெரிகிற அளவு, கைத்தொழிலுக்கு நிறைவான அளவு.

நெதர்லாந்தின் க்ளாடி யோங்ஸ்ட்ரா இதைச் செய்து காட்டியிருக்கிறார். ட்ரென்த் புல்வெளி ஆடு என்ற பழமையான, அருகிவரும் ஓர் இனத்தைத் தாமே மந்தையாக வளர்த்து, அந்தக் கம்பளியைப் பட்டோடு சேர்த்து ஃபெல்ட் செய்கிறார். அவருடைய துணி பாரீஸ் ஆடை வடிவமைப்பாளர்களின் கைக்கும் போனது. பெரிய கட்டடங்களின் சுவர்களிலும் தொங்குகிறது. அந்த மந்தையின் கம்பளிக்கு மதிப்பு உண்டானது. நீலகிரி இனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கால்நடைத் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கறிக்காக மட்டும் வளர்த்தால் எடை கூடிய இனத்தைத்தான் விவசாயி தேடுவார், அதில் தவறில்லை. கம்பளிக்கு விலை கிடைத்தால்தான் கம்பளி ஆடு பிழைக்கும். தக்காணப் பீடபூமியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறோம்: அங்கே கம்பளியை விற்றால் வரும் காசு கத்தரிக்கும் கூலிக்கே போதாமல், ஆடு மேய்ப்பவர்கள் அதை வீசி எறியும் நிலை வந்துவிட்டது.

எல்லாக் கம்பளியும் எல்லா உடைக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை நுனிகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் தோலில் குத்தும். ஆகவே மன்னவனூர்க் கம்பளி கழுத்தில் படும் ஸ்டோலுக்கு. நீலகிரிக் கம்பளி சட்டைக்கு மேலே போடும் ஜாக்கெட்டுக்கும் தொப்பிக்கும். திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் இனங்களின் முரட்டு ரோமம் விரிப்புக்கும் பைக்கும். கத்தரிக்கும் இடத்திலேயே தரம் பிரித்தால் எதுவும் வீணாகாது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நல்ல ஸ்டோலுக்கு ஒரு பெண்ணின் ஒரு முழு நாள் உழைப்பு போகிறது. அந்த உழைப்புக்கு நியாயமான கூலி கொடுத்தால் அக்ரிலிக் விலைக்கு அது வராது, வரவும் கூடாது. கைத்தறிப் பட்டுக்கு உரிய விலை கொடுக்கத் தெரிந்த மக்கள் நாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கியும் நனைந்த உணர்வு தராது. வியர்வை நாற்றம் எளிதில் பிடிக்காது. பல ஆண்டுகள் உழைக்கும். தூக்கி எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகும். இதையெல்லாம் வாங்குபவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஆராய்ச்சி நிலையங்களில் கத்தரிக்கும் கம்பளியை மொத்த ஏலத்துக்கு மட்டும் ஒதுக்காமல், தரம் பிரித்து, ஐந்து கிலோ, பத்து கிலோ என்று சிறு கட்டுகளாக மகளிர் குழுக்களுக்கு விற்க வேண்டும்.

இரண்டாவது, உதகையிலோ கோத்தகிரியிலோ ஒன்றும் கொடைக்கானலில் ஒன்றுமாக, கம்பளியைக் கழுவி, உலர்த்தி, கார்டிங் முறையில் சீவிக் கொடுக்கும் சிறு பொதுக்கூடம் வேண்டும். இந்தத் தொழிலில் வீட்டில் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான். கச்சாக் கம்பளியின் கொழுப்பையும் மண்ணையும் போக்க நிறையச் சுடுதண்ணீர் வேண்டும். அந்தக் கழிவுநீரை ஓடையில் விடாமல் சுத்திகரிக்கவும் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் அதைச் செய்யச் சொல்வது மலைக்குச் செய்யும் தீங்கு.

மூன்றாவது, அடித்துணியை நம் நெசவாளர்களிடமே நெய்து வாங்க வேண்டும். காஞ்சிப் பட்டு இதற்கு ஆகாது; இழை நெருக்கம் மிகுதி, கம்பளி ஊடுருவாது. 80-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் பருத்தி நூலில் இழை நெருக்கத்தைக் குறைத்து, மல் துணிபோலத் தளர்வாக நெய்தால் போதும். மலையில் ஒரு ஸ்டோல் செய்தால் சமவெளியில் ஒரு தறிக்கும் வேலை கிடைக்கும்.

நான்காவது, பயிற்சியை ஒரு மதியத்தில் முடிக்காமல் குறைந்தது ஆறு மாதம் உதவித்தொகையோடு நடத்த வேண்டும். மாதிரி செய்து, அளந்து, எடை போட்டு, துவைத்துப் பார்த்துத் தேறியவருக்கே சான்றிதழ். அவர்கள் செய்த உடைக்குக் கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் ஓர் அலமாரி ஒதுக்கினால், தீபாவளிக்குப் பிறகு தொடங்கும் குளிர்காலத்தில் அதற்கு வாடிக்கையாளர் கிடைப்பார்கள். டெல்லிக்கும் பெங்களூருக்கும் போகிற நம் பிள்ளைகளே வாங்குவார்கள்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரிய தொழிற்சாலையும் தேவையில்லை. கால்நடைத் துறையும் கைத்தறித் துறையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். இன்று ஆடு ஒரு துறையிடம் இருக்கிறது, துணி இன்னொரு துறையிடம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் கம்பளியை யாரும் தம்முடையதாக நினைப்பதில்லை. அதைப் பொறுப்பேற்று நடத்தும் ஓர் அலுவலரை அரசு நியமித்தாலே, மலைப் பெண்களின் கைகளில் மீதி வேலை நடக்கும்.